புசானில் எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம், எதை வாங்கலாம்: முழுமையான வழிகாட்டி

கொரியா போகிறவர்கள் பெரும்பாலும் நாட்களை எல்லாம் சியோலுக்குக் கொடுத்துவிட்டுப் புசானுக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். காலை ரயிலில் வந்து இறங்கி, ஹெயுண்டே கடற்கரையில் ஒரு படம், காம்ச்சொன் வண்ண வீடுகளுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிட்டு இரவு ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் புசானின் சாப்பாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. குறைந்தது மூன்று இரவுகள் கொடுங்கள். அந்த இரவுகளையும் ஒரே இடத்தில் கழிக்காமல், பழைய துறைமுக ஊரில் பாதி, கடற்கரையில் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த யோசனையை வைத்தே எழுதியிருக்கிறேன்.

காரணம் ஊரின் வரலாற்றில் இருக்கிறது. 1950-ல் கொரியப் போர் வெடித்தபோது வட கொரியப் படை பிடிக்க முடியாமல் போன தென்கிழக்கு மூலையில் புசான் இருந்தது. 1953 வரை அதுதான் தற்காலிகத் தலைநகரம். வடக்கிலிருந்தும் நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் அகதிகள் வந்து குவிந்தார்கள். மலைச்சரிவில் குடிசை போட்டார்கள், துறைமுகத்தைச் சுற்றிக் கடை விரித்தார்கள், கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள். இன்று புசானின் பெயரைச் சொல்லும் உணவுகளில் பல அந்த அடுப்புகளில் வளர்ந்தவை. நம்போ, ஜகல்ச்சி, பூப்யோங், யொங்தோ என்று அந்த மக்கள் வாழ்ந்த இடங்களில்தான் இன்றும் நல்ல சாப்பாடு கிடைக்கிறது. கடற்கரை ஓய்வுக்கு நல்ல இடம்.

படி 1: எப்போது போவது, எப்படிச் சேர்வது

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலான நாட்களும் மிகவும் நல்லவை. மார்ச் கடைசியில் செர்ரி பூக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை அடைமழை. ஆகஸ்டில் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயலும் வரலாம். குளிர்காலம் சியோல் அளவுக்குக் கடுமையில்லை, ஆனால் கடற்காற்று காதைக் கடிக்கும்.

சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். சாதாரண வகுப்புக்கு 60,000 வொன்னுக்குச் சற்றுக் குறைவு. 1,000 வொன் நம் பணத்தில் ஏறக்குறைய 60 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ரயில்களுக்கு முன்பதிவு கட்டாயம். சந்திரப் புத்தாண்டு, இலையுதிர்காலத்தில் வரும் சுசோக் ஆகிய இரண்டு பண்டிகைகளையும் ஒட்டிப் போகாதீர்கள். ரயில் டிக்கெட் கிடைக்காது, நல்ல கடைகள் பலவும் பூட்டியிருக்கும்.

விமானத்தில் வந்தால் கிம்ஹே விமான நிலையம். அங்கிருந்து இலகு ரயில் ஏறி, சாசாங் நிலையத்தில் மெட்ரோ 2-ஆம் தடத்துக்கு மாறலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. கே-ஈடிஏ என்னும் இணைய அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

அதே இலகு ரயில் எதிர்த்திசையில் கிம்ஹே நகருக்குள் போகிறது. ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து மன்னன் சுரோவை மணந்ததாகச் 'சம்குக் யூசா' என்ற பழைய நூல் சொல்லும் அரசி ஹொ ஹ்வாங்-ஓக்கின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஆயுதா எந்த ஊர் என்பதில் அயோத்தி என்றும் தமிழ்நாட்டுக் கடற்கரை என்றும் வாதம் ஓயவில்லை. விமானத்துக்கு அரை நாள் மீதமிருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

படி 2: கைபேசியும் அட்டையும்

கொரியாவில் கூகுள் வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள், நடைவழி ஒழுங்காகக் காட்டாது. நேவர் மேப் அல்லது ககாவோ மேப் இறக்கிக்கொள்ளுங்கள். நேவர் மேப்பில் ஆங்கிலத்திலும் தேடலாம். கடைக்குள் போட்டிருக்கும் கொரிய விலைப்பட்டியலைப் படிக்கப் படம் எடுத்து மொழிபெயர்க்கும் பபாகோ செயலி கை கொடுக்கும்.

பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தட்டிப் போகும் டி-மணி அட்டையை எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் வாங்கலாம். அட்டையில் பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும், அதனால் கொஞ்சம் வொன் நோட்டு கையில் இருக்கட்டும். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 1,600 வொன் அளவில் வரும். இறங்கும்போதும் அட்டையைத் தட்டினால், அரை மணிக்குள் பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கோ மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கோ மாறும்போது புதிதாகக் கட்டணம் பிடிக்காது. வெளிநாட்டவருக்கு மட்டும் விற்கும் விசிட் புசான் பாஸ் ஒன்று உண்டு. கட்டணம் வாங்கும் இடங்கள் மூன்று நான்குக்காவது போவதாக இருந்தால் லாபம். சாப்பிடவும் கடைவீதி சுற்றவும் வருகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

படி 3: தங்குமிடத்தைப் பகுதி பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

புசான் வட்டமாகப் பரந்த ஊர் இல்லை. மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் நீண்டு கிடக்கிறது. நம்போவிலிருந்து ஹெயுண்டேவுக்கு மெட்ரோவில், சொம்யொன்னில் மாறிப் போகச் சுமார் ஐம்பது நிமிடம் ஆகும். காலையும் மாலையும் அந்த வழியில் போய் வந்தால் நாளின் நல்ல பகுதி சுரங்கப்பாதையில் கழிந்துவிடும். ஆகவே ஓட்டல் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதற்கு முன் எந்த நிலையத்துக்கு அருகில் என்று பாருங்கள்.

நம்போ, ஜகல்ச்சி பக்கம்: என் முதல் தேர்வு இதுதான். மீன் சந்தை, குக்ஜே சந்தை, இரவுச் சந்தை, யொங்தோ தீவுக்குப் போகும் பாலம் எல்லாம் நடக்கும் தூரம். சிறிய வணிக ஓட்டல்களும் விருந்தினர் இல்லங்களும் நிறைய. வார நாட்களில் 50,000 முதல் 90,000 வொன்னுக்குள் சுத்தமான இருவர் அறை கிடைக்கும். புசான் ரயில் நிலையம் இரண்டே நிறுத்தம் தள்ளி இருப்பதால் பெட்டியோடு வருகிறவர்களுக்குச் சிரமமில்லை.

ரயில் நிலையத்தின் வாசலுக்கு எதிரே இருக்கும் சோர்யாங் பகுதியிலும் அறைகள் மலிவு. ஆனால் அது மலையடிவாரம். வரைபடத்தில் இருநூறு மீட்டர் என்று காட்டும் வழி முழுக்கப் படிக்கட்டாக இருக்கும். பெரியவர்களோடு வந்தால் விடுதி சாலை மட்டத்தில் இருக்கிறதா, லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

சொம்யொன்: 1-ஆம் தடமும் 2-ஆம் தடமும் சந்திக்கும் இடம். இரண்டே இரவுதான் இருக்கிறது, பெட்டியை இடம் மாற்ற முடியாது என்றால் இங்கே தங்குங்கள். எந்தப் பக்கம் போனாலும் பாதி வழி மிச்சம். இளைஞர் கூட்டம், கடைசி ரயில் போன பிறகும் அடங்காத தெருக்கள். தூக்கம் கலையும் பழக்கம் உள்ளவர்கள் பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி அறை எடுக்க வேண்டும்.

கடற்கரையில் இரண்டு தேர்வு. ஹெயுண்டேயில் பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கின்றன: வெஸ்டின் ஜோசுன், பாரடைஸ், எல்சிடி கோபுரத்துக்குள் இருக்கும் சிக்னியெல். கடல் பார்த்த அறை என்றால் விலை ரயில் டிக்கெட்டைப் போல மூன்று நான்கு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். எனக்குப் பிடித்தது குவாங்கல்லி. ஹெயுண்டேயைவிடச் சிறிய கடற்கரை, எதிரே 7.4 கிலோமீட்டர் நீளும் குவாங்கன் பாலம், இரவில் அதன் விளக்குகள். கடலைப் பார்த்த காபிக்கடைகளுக்கு மேல் மாடியிலேயே சிறிய ஓட்டல்கள் உண்டு, ஹெயுண்டேயைவிட மலிவு. சனிக்கிழமை இரவு டிரோன் ஒளிக்காட்சி நடக்கும், கோடையில் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும், குளிர்காலத்தில் ஏழுக்கும் ஒன்பதுக்கும். அன்று அறை வாடகை ஏறும், கரையில் நகர முடியாத கூட்டம் இருக்கும். வாணவேடிக்கைத் திருவிழா நடக்கும் நாள் என்றால் பல மாதம் முன்பே அறைகள் தீர்ந்துவிடும்.

சில பொதுவான விஷயங்கள். கொரியாவில் வெள்ளி, சனி இரவுகளின் வாடகை வேறு, ஞாயிறு முதல் வியாழன் வரை வேறு. முடிந்தவரை வார நாட்களைப் புசானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டல் என்ற பலகை இருக்கும் இடங்கள் காதல் ஜோடிகளுக்காக ஏற்பட்டவை, ஆனால் தனியாகவோ நண்பரோடோ தங்குவதில் தவறில்லை. பெரிய படுக்கை, பெரிய குளியல் தொட்டி, குறைந்த வாடகை. குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்க்கலாம். சூடான தரையில் மெத்தை விரித்துப் படுக்கும் ஓந்தோல் அறை கிடைத்தால் நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மிகவும் வசதி.

அமைதி வேண்டுமென்றால் நகரின் வடக்கே கும்ஜொங் மலையில் பொமொசா இருக்கிறது. 678-ல் துறவி உய்சாங் நிறுவிய மடம். ஒரு இரவு தங்கி, விடியுமுன் வழிபாட்டில் கலந்துகொண்டு, மடத்துச் சைவ உணவு சாப்பிடும் ஏற்பாடு உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

படி 4: பழைய ஊரில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுங்கள்

ஜகல்ச்சியில் தொடங்குங்கள். கொரியாவின் மிகப் பெரிய மீன் சந்தை என்று பெயர் பெற்றது. கடலோரம் பறவை சிறகு விரித்தது போன்ற கூரையோடு நிற்கும் பெரிய கட்டடம் ஒன்று, அதைச் சுற்றித் தெருவில் விரிந்த பழைய சந்தை ஒன்று. இரண்டையும் பாருங்கள். தெருச் சந்தையில் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்கள்தான் இந்த ஊரின் முகம். போரில் கணவனை இழந்தும் குடும்பத்தைக் காப்பாற்றியும் இங்கே கூடை வைத்தவர்களின் வழியில் வந்தவர்கள். படம் எடுக்குமுன் தலையசைத்துக் கேளுங்கள்.

கட்டடத்துக்குள் நடைமுறை இப்படி: கீழ்த்தளத்தில் தொட்டிகளில் உயிர்மீன். நீங்கள் காட்டும் மீனை எடை போட்டு அறுத்துத் தருவார்கள், மேல்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். மேசைக்கும் சாறு, கீரை, பூண்டு வகைகளுக்கும் ஆளுக்குச் சில ஆயிரம் வொன் தனியாக வாங்குவார்கள். மிச்சமான தலை, முள்ளைப் போட்டுக் காரமாகக் கொதிக்க வைக்கும் மேயுன்தாங் குழம்புக்கும் தனிக் காசு. ஆகவே மீன் விலை, மேசைக் கட்டணம், குழம்பு மூன்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கடை கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மாதத்தில் சில செவ்வாய்க்கிழமைகளில் கட்டடத்துக்கு விடுமுறை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை மீன் இறங்காது என்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு ஜகல்ச்சித் தெருவிலேயே வேறு வழி உண்டு. மீனைச் சுட்டும் பொரித்தும், சோறு, சூப், நாலைந்து தொட்டுக்கையோடு தரும் சிறிய சாப்பாட்டுக் கடைகள். வாசலில் மீனை வாட்டிக்கொண்டிருப்பார்கள், வாசனையே வழி காட்டும். புசானின் நகர மீன் கானாங்கெளுத்தி. கொரியாவில் பிடிபடும் கானாங்கெளுத்தியில் பெரும்பகுதி இந்தத் துறைமுகத்தில்தான் ஏலம் போகிறது. அதையும் வாளை மீனையும் கேளுங்கள். உப்பு மட்டும் போட்டு வாட்டியிருப்பார்கள், மசாலா கிடையாது. புதிய மீனுக்கு அது போதும் என்பது இரண்டாவது கவளத்தில் தெரிந்துவிடும்.

பிறகு சாலையைக் கடந்து பிஃப் சதுக்கம். 1996-ல் புசான் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிய இடம் இது. விழா இன்று ஹெயுண்டே அருகே இருக்கும் சென்ட்டம் சிட்டி பக்கம் போய்விட்டாலும் தள்ளுவண்டிகள் இங்கேயே நிற்கின்றன. வரிசை நீளமாக இருக்கும் வண்டியில் சியாத் ஹோத்தொக் விற்பார்கள். நம் போளி மாதிரி உள்ளே இனிப்பு வைத்த மாவை எண்ணெயில் பொரித்து, வயிற்றைக் கீறி, சூரியகாந்தி விதை, பூசணி விதை எல்லாம் கொட்டித் தருகிறார்கள். சுடச்சுடக் கையில் வாங்கி நின்றபடி சாப்பிட வேண்டும். உருகிய சர்க்கரை உதட்டைச் சுடும், பார்த்துக் கடியுங்கள்.

அங்கிருந்து குக்ஜே சந்தை வழியாக பூப்யோங் கங்தோங் சந்தை. அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வந்த டப்பா உணவுகள் விற்றதால் டப்பாச் சந்தை என்று பெயர் வந்தது. மாலை ஏழரை மணி வாக்கில் நடுப்பாதையில் இரவுச் சந்தை வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். கூட்டம் அந்த வண்டிகளை மொய்க்கிறது. நான் சொல்வது, வண்டிகளுக்குப் பின்னால் வருடக்கணக்காக இருக்கும் கடைகளைப் பாருங்கள். மீனை அரைத்துப் பொரித்த ஒமுக் கடைகள் ஒரு வரிசை. கிழங்கு நூடுல்ஸைக் காரச்சாறு போட்டுப் பிசைந்து தரும் பிபிம் தாங்மியொன். பொரித்த டோஃபுப் பையில் நூடுல்ஸ் அடைத்துச் சூப்பில் போடும் யூபு. பூசணிக் கஞ்சி, சிவப்பு மொச்சைக் கஞ்சி விற்கும் பாட்டிமார். ஒவ்வொன்றும் சில ஆயிரம் வொன்தான். ஒரே இடத்தில் வயிறு நிறைக்காமல் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே நடக்கலாம்.

ஒமுக் பிடித்துவிட்டால் பாலம் கடந்து யொங்தோவில் 1953-ல் தொடங்கிய சம்ஜின் ஒமுக்கின் மூலக் கடைக்குப் போங்கள். பேக்கரி போலத் தட்டு எடுத்து, இடுக்கியால் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறை. இறால் வைத்தது, மிளகாய் வைத்தது, கட்லெட் போல உருட்டியது என்று வகைகள். பாலமும் சாதாரணப் பாலமில்லை. 1934-ல் திறந்து, பிற்பாடு புதுப்பித்துக் கட்டிய தூக்குப் பாலம். போரில் பிரிந்த குடும்பங்கள் 'யொங்தோ பாலத்தடியில் சந்திப்போம்' என்று சொல்லிப் பிரிந்து, வந்து காத்துக் கிடந்த இடம். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பாலத்தைத் தூக்கிக் காட்டுவார்கள்.

படி 5: குக்பாப்புக்கு ஒரு காலை, மில்மியொன்னுக்கு ஒரு மதியம்

தேஜி குக்பாப் என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்த சாற்றில் மெல்லிய கறித் துண்டும் சோறும். புசான்காரர்களுக்குக் காலை, இரவு, குடித்துவிட்டு விடியும் நேரம் என்று எப்போதும் இதுதான். சொம்யொன் சந்தையை ஒட்டி ஒரு சந்து முழுக்கக் குக்பாப் கடைகள். ஒரு கிண்ணம் 10,000 வொன்னைச் சுற்றி. தனி ஆளாகப் போனாலும் முகம் சுளிக்காமல் உட்கார வைக்கும் சாப்பாடு இது.

கிண்ணம் வந்ததும் சாற்றை முதலில் ஒரு கரண்டி ருசி பாருங்கள். உப்பு குறைவாக இருக்கும், வேண்டுமென்றே. கூடவே வரும் உப்பு இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உங்கள் அளவுக்குக் கொண்டு வர வேண்டும். கைப்பிடி நூடுல்ஸ் தந்திருந்தால் அதை முதலில் போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். அப்புறம் மசாலா தடவிய 'புச்சு' என்னும் பூண்டு மணமுள்ள கீரையைச் சூப்பில் அமுக்குங்கள், காரம் வேண்டுமென்றால் மிளகாய் விழுது. பச்சை மிளகாயையும் வெங்காயத்தையும் புளித்த சோயா விழுதில் தொட்டுக் கடித்துக்கொள்ளலாம். சோறு தனியாக வேண்டுமென்றால் 'தாரோ' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மில்மியொன் அகதிகளின் சமையல். வடக்கே பக்வீட் என்னும் தானிய மாவிலும் கிழங்கு மாவிலும் செய்த குளிர்ந்த நூடுல்ஸைப் புசானில் செய்ய அந்த மாவு கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது, அதில் பிசைந்தார்கள். ஐஸ் மிதக்கும் சாற்றில் வருவது முல், காரச் சாந்து போட்டுப் பிசைவது பிபிம். முதல் தடவை முல் எடுங்கள். வினிகரும் கடுகு விழுதும் சில சொட்டு விட்டு, கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டிக்கொண்டு உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். ரயில் நிலையத்துக்கு எதிரே சோர்யாங் மில்மியொன் இருக்கிறது. கோடை மதியத்தில் வரிசை நிற்கும், பதினொரு மணிக்கே போய்விடுங்கள்.

கடை ஒழுங்கு சில: கரண்டியும் குச்சியும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறைக்குள் இருக்கும். தண்ணீர் பல இடங்களில் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். தொட்டுக்கைகள் தீர்ந்தால் மறுபடி கேட்கலாம், காசு கிடையாது. மேசை மணியை அழுத்தி ஆளைக் கூப்பிடலாம். பணம் வெளியே போகும்போது கல்லாவில். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. வாட்டும் கறி, பன்றிக்கால் போன்றவற்றைப் பல கடைகளில் குறைந்தது இருவருக்கு என்றுதான் தருவார்கள். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை பல சமையலறைகள் ஓய்வெடுக்கும்.

படி 6: மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாதவர்கள், சைவர்கள்

ஆட்டுக்கறி தேடுகிறவர்களுக்குப் புசானில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஓன்சொன்ஜாங் நிலையத்திலிருந்து 203 எண் பஸ் ஏறினால் கும்ஜொங் மலைக்கோட்டைக்குள் இருக்கும் சான்சொங் கிராமம் வரும். அங்கே கறுப்பு ஆட்டுக்கறியைச் சாறில் ஊற வைத்துக் கரியில் வாட்டித் தருகிறார்கள். கூடவே அந்த ஊருக்கே பெயர் போன சோற்றுக் கள், மக்கொல்லி. சியோலிலிருந்து வரும் கொரியர்களில்கூடப் பலருக்கு இந்த இடம் தெரியாது. கோட்டைச் சுவரோரம் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுப் பசியோடு உட்காருங்கள்.

ஹலால் வேண்டுவோர் 1-ஆம் தடத்தில் தூசில் நிலையம் பக்கம் போகலாம். அல்ஃபதா பள்ளிவாசலும் அதைச் சுற்றிச் சில உணவகங்களும் கடைகளும் உண்டு.

சைவர்களுக்குப் புசான் கஷ்டமான ஊர் என்பதை மறைப்பதில் பயனில்லை. கிம்ச்சியிலேயே உப்பு இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும், சூப்புக்கெல்லாம் நெத்திலிச் சாறுதான் அடிப்படை. சோற்றில் காய்கறியும் கறியும் போட்டுப் பிசையும் பிபிம்பாப் கடையில் 'கோகி பே ஜுசெயோ' என்றால் கறியை எடுத்துவிடுவார்கள். மிளகாய் விழுதில் கறி சேர்த்திருக்கிறார்களா என்று பபாகோவில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். சியாத் ஹோத்தொக், சிவப்பு மொச்சைக் கஞ்சி, பூசணிக் கஞ்சி, பழங்கள், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை ஓரளவு கவலையில்லாதவை. சொம்யொன், ஹெயுண்டே, புசான் தேசியப் பல்கலைக்கழக வாசல் பகுதிகளில் இந்திய உணவகங்கள் உண்டு. பொமொசா பக்கம் மடத்து முறைச் சைவ உணவு தேடலாம். அறையில் சுடுதண்ணீர்க் கெட்டில் கட்டாயம் இருக்கும், புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று பெட்டியில் இருந்தால் கன்வீனியன்ஸ் கடையின் சூடாக்கும் சோற்றுக் கிண்ணத்தோடு ஒரு வேளை ஓடிவிடும்.

படி 7: எதை எங்கே வாங்குவது

எனக்குப் புசானில் மிகவும் பிடித்த கடைவீதி கருவாட்டுச் சந்தைதான். நம்போ நிலையத்துக்கும் ஜகல்ச்சிக்கும் நடுவே, ஜப்பானிய ஆட்சிக்காலத்துப் பழைய கட்டடங்களுக்குள் வரிசையாக இருக்கிறது. நெத்திலியை அளவு வாரியாகப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்கள். பொடிசு வறுவலுக்கு, பெரியது சாறு எடுக்க. புசானின் கிழக்கு ஓரமான கிஜாங் கடலின் கடற்பாசிக்குத் தனி மதிப்பு. சூப்புக்கான மியொக், சாறுக்கான தசிமா, தாளாக வறுத்த கிம் மூன்றும் எடை குறைவு, கெட்டுப்போகாது, ஊருக்குக் கொண்டுவர ஏற்றவை. கருவாடு வாங்கினால் உறையில் அடைத்து ஒட்டித் தரச் சொல்லுங்கள். உங்கள் நாட்டுச் சுங்க விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குக்ஜே சந்தையில் போர்வை, பாத்திரம், பித்தளைக் கிண்ணம், கரண்டிச் செட், ஹன்பொக் என்னும் கொரிய மரபு உடைக்கான துணி. விலை பேசலாம், ஆனால் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். ரொக்கம் கொடுத்தால் சற்று இறங்குவார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இந்தப் பகுதிக் கண்ணாடிக் கடைகளை விடாதீர்கள். சாதாரணப் பவர் என்றால் கண் சோதித்து அன்றைக்கே கண்ணாடி கையில் கிடைக்கும், விலையும் நியாயம். பக்கத்திலேயே போசு-தோங் புத்தகச் சந்து, போர்க்காலத்தில் அகதிகள் பழைய புத்தகம் விற்கத் தொடங்கிய இடம். கொரிய மொழி தெரியாவிட்டாலும் படப்புத்தகங்கள், பழைய வரைபடங்கள் கிடைக்கும்.

அழகுசாதனம், உடுப்பு என்றால் குவாங்போக் தெருவும் சொம்யொன் நிலத்தடிக் கடைகளும். சொம்யொன்னுக்குப் பக்கத்தில் ஜொன்போ காபித் தெரு. முன்பு இயந்திர உதிரிபாகக் கடைகள் இருந்த சந்துகளுக்குள் இப்போது காபிக்கடைகள். காபியில் அக்கறை உள்ளவர்களுக்கு மோமோஸ் காபி ஒரு யாத்திரைத் தலம். அதன் பாரிஸ்டா, அதாவது காபி தயாரிப்பவர், ஜொன் ஜூ-யொன் 2019-ல் உலக பாரிஸ்டா சாம்பியன் ஆனார். யொங்தோ துறைமுகத்தில் அவர்களுடைய வறுக்கும் கூடம் இருக்கிறது, கொட்டை வாங்கவும் அங்கேயே போகலாம்.

சென்ட்டம் சிட்டியில் இருக்கும் ஷின்செகே 2009-ல் உலகின் மிகப் பெரிய பல்பொருள் அங்காடி என்று கின்னஸ் பதிவு பெற்றது. விலை கூடிய சரக்குகள். நான் அங்கே அனுப்புவது இரண்டு காரணத்துக்கு: அடித்தளத்து உணவுக்கூடம், அப்புறம் ஸ்பா லேண்ட். வெந்நீர் ஊற்றுத் தண்ணீரில் குளியல், பிறகு அவர்கள் தரும் உடையில் சூடான அறைகளில் படுத்துக் கிடக்கலாம். குளிக்கும் பகுதி ஆண், பெண் தனித்தனி, உள்ளே உடையின்றித்தான் குளிக்க வேண்டும். நான்கு மணி நேரம் வரை இருக்கலாம். நடந்து களைத்த நாளின் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கடற்கரைக்கு மாறும் நாள்

நம்போ அறையைக் காலி செய்துவிட்டுக் காலையிலேயே பெட்டியோடு குவாங்கல்லி போய், பெட்டியை விடுதியில் ஒப்படைத்துவிடுங்கள். நுழைவு நேரத்துக்கு முன்னால் போனாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மதியம் ஹெயுண்டே. மிபோவிலிருந்து சொங்ஜொங் வரை பழைய ரயில் பாதையை 4.8 கிலோமீட்டர் பூங்காவாக்கியிருக்கிறார்கள், புளூலைன் பார்க் என்று பெயர். படங்களில் பார்க்கும் குட்டி வண்ண ரயில் பெட்டி மிபோவுக்கும் சொங்சாபோவுக்கும் இடையே போகிறது. முன்பதிவு இல்லாமல் கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், பாதையோரப் பலகை நடைபாதையில் இலவசமாக நடந்தால் அதே கடல்தான். சொங்சாபோவில் இறங்கினால் கரியில் சிப்பி வாட்டும் கடைகள். சிப்பி வாய் திறந்ததும் சீஸும் வெண்ணெயும் போட்டுத் தருவார்கள்.

இன்னொரு நாள் இருந்தால் ஹேதோங் யோங்குங்சா, கடல் பாறைமேல் இருக்கும் கோயில். காலை எட்டு மணிக்குள் போனால் கூட்டமில்லை. வரும் வழியில் லொத்தே அவுட்லெட், தள்ளுபடி விலையில் காலணியும் குளிர் உடையும். காம்ச்சொன் கிராமத்தையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தோசொங் நிலையத்திலிருந்து குட்டிப் பஸ் ஏறும். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், வீட்டு ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள்.

படி 9: கிளம்பும் நாள்

ஒரே கடையில் 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும். 'டாக்ஸ் ஃப்ரீ' பலகை உள்ள கடைகளில் கடவுச்சீட்டைக் காட்டினால் பல இடங்களில் அங்கேயே கழித்துவிடுவார்கள். மற்றவற்றுக்கு ரசீதை வைத்துக்கொண்டு விமான நிலைய இயந்திரத்தில் வாங்க வேண்டும், அதுவும் பெட்டியை ஒப்படைக்கும் முன். கிம்ஹே பெரிய விமான நிலையமில்லை, காலையில் வரிசை நீளும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். டி-மணியில் மிச்சமிருக்கும் பணத்தை ஒரு சிறு கழிவு போக, கன்வீனியன்ஸ் கடையில் திரும்ப வாங்கலாம். அட்டையை மட்டும் எறிந்துவிடாதீர்கள், அடுத்த பயணத்துக்கும் செல்லும்.